பெருவுக்குப் போன தலைக்காப்பு

குஸ்கோ, பெரு
9 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி தினேஸ்வரன் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். போனையும் எடுக்கமாட்டீர்கள். உங்கள் பள்ளிக்கூட ஆபீஸுக்கு வரும் மெயிலை மட்டும் நீங்கள் படிக்காமல் விட்டதில்லை. கல்வி இலாகா கடிதம் எதுவும் தவறிவிடக் கூடாதே என்ற பயம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

காப்பு என் கையில்தான் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறும்போது சோதனைக்கு நின்ற பெண் அதிகாரி என் வலது மணிக்கட்டைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டார். குனிந்து பார்த்தேன். மஞ்சள் நூல், அதில் கட்டிய மஞ்சள் துண்டு. காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டி ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது, நான் அதற்குள் எத்தனையோ நாட்டு வானத்தைத் தாண்டியிருந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை அண்ணே. டிக்கெட் போன வருடமே எடுத்தது. திருவிழா மே மாதத்துக்குத் தள்ளிப்போனதும் பயணத்தைப் பதினைந்தாம் தேதிக்கு மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்குக் காப்புக் கட்டக் கையை நீட்டியிருப்பேனா? ஆனால் ஐந்தாம் தேதி சாயங்காலம், கோயில் வாசலில், அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னீர்களே, "கோயில வித்தவன்" என்று. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. விடியற்காலை தங்கராஜு லாரியில் ஏறிக் கோலாலம்பூர் போய்விட்டேன்.

சொல்லாமல் போனது கோபத்தில். காப்போடு போனது மறதியில். இரண்டுக்கும் தனித்தனியாகத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

சுங்கை ஊடாங்கில் எண்ணெய்த் தொட்டி உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி வேலை செய்கிறவன் நான். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் பார்ப்பேன். என் கையிலிருந்த முடிச்சை மறந்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இங்கே ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அவிழ்த்து அதில் விட்டுவிடட்டுமா? பூசாரியைக் கேட்டுச் சொல்லுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தினேஸ்


ரெம்பியா
14 மே 2025

தம்பி தினேஸ்வரனுக்கு,

மேற்படி கடிதம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

முதலாவது, உனக்குக் கட்டியது சாதாரணக் காப்பு அல்ல. அம்மனுக்கும் கொடிமரத்துக்கும் கட்டிய கையோடு நம் குடும்பத்தில் ஒருவனுக்குக் கட்டும் தலைக்காப்பு. இருபது வருடம் என் கையில் கட்டியது. என் மாமனார் இறந்து வருடம் திரும்பவில்லை, நான் கட்டக் கூடாது என்பதால் உன் கைக்கு வந்தது. இரண்டாவது, தலைக்காப்பை அவிழ்த்த பிறகுதான் மற்றவர் காப்பு அவிழும், அப்புறம்தான் கொடி இறங்கும். இது உனக்குத் தெரியும். மூன்றாவதை எழுதக் கை வரவில்லை.

பதினோராம் தேதி தீமிதி நடந்தது. உன் தீச்சட்டியை வீரப்பன் மாமா தூக்கினார். அறுபத்து நான்கு வயது மனிதர். கொடி இறக்க எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள், பதினெட்டுப் பேர். பூசாரி அப்புசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தலைக்காப்பு எங்கப்பா?" என்று கேட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பெருவுல இருக்குங்க." அவருக்குப் பெரு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பத்து பகாட் பக்கமா என்று கேட்டார். உலகத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

இப்போது பதினெட்டுப் பேரும் காப்போடு திரிகிறார்கள். முத்தாயி அக்கா சிரம்பானில் மகள் வீட்டுக்குப் போய்த் தங்க முடியவில்லை. வீரப்பன் மாமா மீன் வாசனை வந்தால் என்னை முறைக்கிறார். ஊரே என்னைத்தான் கேட்கிறது, நான் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல.

அறுக்காதே. அவிழ்க்காதே. எந்த ஆற்றிலும் போடாதே. அடுத்த விமானத்தில் ஏறி வா.

கோயிலை விற்றவன் என்றது கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் நிலத்தை எடுக்கும் கம்பெனி தரும் புது இடத்துக்குக் கோயிலை மாற்றிவிடலாம் என்று கூட்டத்தில் நீ கை தூக்கினாய். ஐந்துக்கு ஐந்து என்று நின்றது உன் கையால் ஆறானது. அதை நான் மறக்கவில்லை.

கணேஸ்வரன்


கச்சோரா
17 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அடுத்த விமானம் என் கையில் இல்லை. திரும்பும் டிக்கெட் ஜூன் ஆறாம் தேதிக்கு. உண்மையைச் சொல்கிறேன், மாற்ற முடிந்தாலும் மாற்றியிருக்கமாட்டேன். நாளைக் காலை நடக்க ஆரம்பிக்கிறோம். என்னை மன்னியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன் வேலைக்கு வந்தானே வில்பெர், எங்களோடு கயிற்றில் தொங்கியவன், நம் வீட்டில் தோசை சாப்பிட்டவன். அவன்தான் கூட்டிப்போகிறான். அவனுடைய அக்கா சதுர்னினா கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றிவருகிறார். அவர் கை சும்மா இருப்பதே இல்லை. நடந்துகொண்டே ஒரு கதிரைச் சுழற்றிக் கம்பளி நூல் நூற்கிறார். என் மணிக்கட்டைப் பார்த்ததும் கேட்டார். சாமிக்குக் கட்டியது, ஊர் போனால்தான் அவிழ்க்கலாம் என்றேன். தலையாட்டினார். இவர்களுக்கும் அப்படியொரு வழக்கம் உண்டாம், இடப்பக்கமாகத் திரித்த நூலைக் கையிலும் காலிலும் கட்டிக்கொள்வார்களாம். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் கேட்டிருந்தால்கூட இத்தனை குறைந்த விளக்கத்தோடு என்னை விட்டிருக்கமாட்டார்கள்.

விரதத்தை விடவில்லை அண்ணே. தரையில்தான் படுக்கிறேன். குஸ்கோவில் முயல்குட்டி அளவில் ஒரு பிராணியைச் சுட்டுத் தட்டில் வைத்தார்கள், வேண்டாம் என்று கும்பிட்டேன். உருளைக்கிழங்கில் நூறு வகை இருக்கிறது. ஊதா, கறுப்பு, விரல் நீளம். அதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

குஸ்கோவில் இன்காக்கள் கட்டிய சுவர் ஒன்று, சந்து நெடுக ஓடுகிறது. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லோடு கல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு தாள் போகாது. காலையில் வெயில் அதன்மேல் ஊரும்போது கைவைத்து நின்றேன். உயரத்துக்குப் பழகாத உடம்பு, தலை லேசாக மிதந்தது. நான் நிற்கிறேனா, சுவர்தான் நடக்கிறதா என்று தெரியவில்லை. தொட்டி உச்சியில் பதினாறு வருடம் தொங்கியிருக்கிறேன். அங்கே உயரம் என்றால் இரும்பும் எண்ணெய் வாடையும்தான். உயரத்தில் மண் இருக்கும், புல் இருக்கும், அங்கே சமைத்துச் சாப்பிட்டுக் குடும்பம் நடத்துவார்கள் என்பதைப் பார்க்கத்தான் வந்தேன்.

சீக்கிரம் வந்துவிடுவேன்.

தினேஸ்


ரெம்பியா
20 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு விஷயம். கவனமாகப் படி.

பதினைந்தாம் தேதி காலை கம்பெனியின் சைட் சூப்பர்வைசர் ரோஸ்லான் வந்தார். பின்னாலேயே மண்வாரி இயந்திரமும் வந்தது. இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கொடியை அண்ணாந்து பார்த்தார். "பெலும் தூருன் கா, என்சிக்?" என்று கேட்டார். இன்னும் இறங்கவில்லை என்றேன். காரணம் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். என் தம்பி கையில் ஒரு நூல் இருக்கிறது, அவன் வந்து அது அவிழ்ந்தால்தான் கொடி இறங்கும், அவன் தென்னமெரிக்காவில் மலை ஏறுகிறான் என்றேன். பிறகு பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். "திருவிழா நிறைவுற்றுக் கொடி இறங்கிய மறுநாள் இடத்தை ஒப்படைப்பது" என்று அதில் இருக்கிறது. நான்தான் அந்த வரியைப் போடச் சொன்னேன், ஏதோ மரியாதைக்காக. "அப்ப காத்திருக்கத்தான் வேணும்லா" என்று மலாயில் சொல்லிவிட்டு இயந்திரத்தைத் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு வருகிறார், கொடியைப் பார்க்கிறார், போகிறார்.

புரிகிறதா? கொடி பறக்கும்வரை நம் கோயிலை யாரும் தொடமாட்டார்கள். நீ திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட இத்தனை சரியாக வந்திருக்காது.

அதனால் அவசரப்பட்டு வர வேண்டாம். உன் வேலை இடத்தில் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். ஆறு மாதம் அங்கே இருக்க விடுவார்களா என்று விசாரி. மலைகள் நிறைய இருக்கும், ஒவ்வொன்றாகப் பார். பதினெட்டுப் பேரையும் நான் சமாளிக்கிறேன்.

குளிர் எப்படி என்று உன் அண்ணி கேட்கிறாள். காப்பை நனைக்காதே.

அன்புடன்
கணேஸ்வரன்


மரம்பாத்தா
22 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த மலை விளிம்பில் நான்கைந்து வீடுகள். ஒரு வீட்டுக் கூரையில் மட்டும் கொஞ்சம் லைன் கிடைக்கிறது. கூரைக்குப் பக்கத்தில் நின்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். "அன்புள்ள தம்பிக்கு" என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கீழே போகப் போகத்தான் விளங்கியது. நான் வராமல் இருந்தால்தான் உங்களுக்கு அன்பு.

அபுரிமாக் என்ற ஆறு பாதாளத்தில் ஓடுகிறது. ஒரு நாள் முழுக்க இறங்கி, மறுநாள் முழுக்க ஏறி இங்கே வந்தோம். வழியெல்லாம் வீடு திரும்புவதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாசலில் நீங்கள் என்ன சொல்வீர்கள், நான் என்ன சொல்வேன் என்று. இப்போது அந்த வாசலே எனக்கு இல்லை என்கிறீர்கள்.

கோபமாக எழுத நினைத்தேன். ஆனால் இரண்டு நாளாகச் சோக்கேகிராவில் சுற்றிக்கொண்டிருந்தேன், கோபம் தங்கவில்லை. இது இன்காக்கள் விட்டுப்போன ஊர். மலைமுகட்டில் கிடக்கிறது. பாதிக்குமேல் இன்னும் காட்டுக்குள் மூடிக்கிடக்கிறதாம். காலையில் மேகம் கீழே இருந்தது, நாங்கள் மேலே இருந்தோம். வீடுகளுக்குக் கூரை இல்லை. வாசல்கள் மட்டும் நின்றன. சரிவில் படிப்படியாக வயல் கட்டியிருக்கிறார்கள், அதன் சுவரில் வெள்ளைக் கல்லால் லாமா என்னும் கம்பளி மிருகங்களைப் பதித்திருக்கிறார்கள். தாயும் குட்டியுமாக மேலே ஏறிப்போகின்றன. ஒரு கழுகு, ஆள் நீளத்துக்குமேல் சிறகு, அசைக்காமலே எங்களைத் தாண்டிப்போனது. அது போன திசையைப் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

வில்பெரைக் கேட்டேன், இத்தனை அழகாகக் கட்டிவிட்டு எப்படி விட்டுப்போக மனசு வந்தது என்று. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஸ்பெயின்காரங்க குதிரையில வந்தப்போ எங்க ஆளுங்க இந்த மலைக்குள்ள பின்வாங்குனாங்க. கல்லைத் தூக்க முடியாது, விட்டுட்டாங்க. சாமியத் தூக்கிக்கிட்டாங்க. செத்துப்போன ராஜாக்களோட உடம்பையும் தோள்ல வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாங்க."

கூட்டத்தில் கை தூக்கியபோது என் மனதிலும் இதுதான் இருந்தது அண்ணே. சொல்லத் தெரியவில்லை. கம்பெனி தரும் அந்த மூலை இடம் சின்னதுதான், மின்சாரக் கொட்டகைக்குப் பக்கத்தில்தான். ஆனால் எழுத்தில் கொடுக்கிறார்கள். இதையும் விட்டால் இயந்திரம் ஒரு நாள் வரும், அன்றைக்கு அம்மனைத் தூக்க நமக்கு நேரம்கூட இருக்காது. கல்லுக்காகச் சாமியை இழப்போமா?

நாளையிலிருந்து லைன் இருக்காது. நான் வரலாமா கூடாதா என்பதை மட்டும் எழுதிவையுங்கள்.

தினேஸ்


ரெம்பியா
25 மே 2025

தினேஸ்,

இன்காவைக் கூட்டிவந்து எனக்குப் பாடம் நடத்தாதே. நான் ஊர்த் தலைவன், ராஜா இல்லை. எனக்குச் சுவரும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். மண் நோகாமல் அம்மனை எடுத்துவைக்க எனக்கும் தெரியும்.

கோயில் வாசலில் நிற்கும் அந்த வேப்பமரத்தை எப்படித் தூக்குவது?

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நேரில் சொல்லியிருக்கமாட்டேன். எங்களுக்கு ஏழு வருடம் பிள்ளை இல்லை. உன் அண்ணி நிர்மலா தன் கல்யாணப் புடவையில் ஒரு துண்டு கிழித்து அந்த மரத்தின் கிழக்குக் கிளையில் தொட்டில் கட்டினாள். அடுத்த வருடம் பிள்ளை பிறந்தான். நீ அப்போது மிரியில் வேலை பார்த்தாய். பத்தொன்பது நாள் இருந்தான், நீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டில் அவன் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. படம்கூட இல்லை. இப்போது எனக்கு ஐம்பத்தொன்று, இனி என்ன.

ஆனால் அந்தத் தொட்டில் இருக்கிறது. துணி நைந்துபோய்விட்டது, கிளை பருத்து முடிச்சைப் பாதி விழுங்கிவிட்டது. கொஞ்சம் மஞ்சள் மட்டும் வெளியே தெரிகிறது. பன்னிரண்டு வருடமாக வேலைக்குப் போகும்முன் அதன் கீழே ஐந்து நிமிடம் நிற்கிறேன். சாமி கும்பிடுகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நான் என் மகனைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

நீ கை தூக்கியபோது இதைத்தான் வெட்டச் சொன்னாய். தெரியாமல்தான் தூக்கினாய். இருந்தாலும் எனக்கு வலித்தது.

நீ வராதே. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்.

கணேஸ்வரன்


சாந்தா தெரெசா
30 மே 2025

அண்ணே,

இன்றுதான் லைன் வந்தது. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அந்த மரத்துத் தொட்டிலைப் பற்றி எனக்குத் தெரியாது அண்ணே. தெரிந்திருந்தால் கை தூக்கியிருக்கமாட்டேன். தூக்கியது சரிதான் என்று இப்போதும் தோன்றுகிறது, ஆனால் தூக்கியிருக்கமாட்டேன். உங்களைப் பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசத் தெரியாத தம்பியாக இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அதுதான் அழுகை வருகிறது.

நீங்கள் சொல்லாமல் வரமாட்டேன். டிக்கெட்டை மாற்ற இங்கே ஒரு கடையில் கேட்டுவைத்திருக்கிறேன். வில்பெருக்குத் தெரிந்த இடத்தில் வேலையும் கிடைக்கும் போல.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நாலு நாள் யோசித்துவிட்டேன், மறைக்க என்னால் முடியவில்லை.

காப்பு அறுந்துவிட்டது.

சோக்கேகிராவுக்கு அந்தப் பக்கம் ரியோ பிளாங்கோ என்று ஒரு காட்டாறு. பனி உருகிய தண்ணீர், பால் நிறம். கடக்கும்போது மூட்டை சுமந்த கழுதை வழுக்கியது. கயிறு என் கையில். பதினாறு வருடம் புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான், கயிற்றைக் கையில் சுற்றாதே என்று. அன்றைக்கு நானே சுற்றிப் பிடித்தேன். விட்டால் சதுர்னினாவின் கழுதை போயிருக்கும். கயிறு மணிக்கட்டை அரைத்துக்கொண்டு ஓடியது. கழுதை கரையேறியது. மஞ்சள் துண்டு தண்ணீரில் போவதைப் பார்த்தேன். ஒரு கணம் மிதந்தது, அப்புறம் காணோம்.

மூன்று இழை மட்டும் தோலில் ஒட்டியிருந்தது. நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். சதுர்னினா பக்கத்தில் வந்து அந்த மூன்று இழையையும் எடுத்தார். தன் கதிரிலிருந்து பழுப்புக் கம்பளி இழை இழுத்து, இடப்பக்கமாகவே திரித்து, மூன்றையும் அதற்குள் வைத்து என் கையில் திரும்பவும் கட்டினார். கட்டும்போது எதிரே நின்ற பனிமலையின் பேரைச் சொன்னார். இவர்களுக்கு மலைதான் காவல் சாமி.

அடுத்து வந்த நாள்களில் உயரமான கணவாயைக் கடந்தோம். மூச்சு வாங்கியது. உச்சியில் போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கல் வைத்துப்போன குவியல் இருந்தது. நானும் ஒன்று வைத்தேன், யாருக்கென்று தெரியாமல். உங்கள் கடிதத்தை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் யாருக்கு என்று தெரிந்திருக்கும்.

இப்போது என் கையில் இருப்பது தலைக்காப்புதானா, இல்லையா? இல்லை என்றால் கொடியை நீங்கள் நாளைக்கே இறக்க வேண்டியிருக்கும். பேசாமல் இருங்கள் என்றால் நானும் பேசாமல் இருக்கிறேன். நீங்கள் சொல்வதுதான்.

உங்கள் தம்பி
தினேஸ்


ரெம்பியா
3 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பேசாமல் இருந்துவிடலாம் என்ற முடிவோடுதான் போனேன். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தபோது நிர்மலா தாளை வாங்கிப் படித்தாள். நான் உனக்கு மரத்தைப் பற்றி எழுதியதும் அதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

படித்து முடித்துத் தாளை மடித்து வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"அது நம்ம தொட்டில் இல்லங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நம்மளது நான் அந்த வருஷமே அவுத்துட்டேன். புள்ள போயி நாலு மாசத்துல. ஆத்துல விட்டுட்டேன். நீங்க பாக்குறது அதே கிளையில வேற யாரோ கட்டுனது."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"தினமும் காலையில அங்க நின்னுட்டுத்தானே வேலைக்குப் போறீங்க. அதப் புடுங்க எனக்கு மனசு வரல."

அப்புறம் இரண்டு பேரும் அவனைப் பற்றிப் பேசினோம் தினேஸ். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. வலது காதுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு மச்சம் இருந்ததாம். எனக்கு அது தெரியாது, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் என் அப்பாவைப் போல நெற்றியைச் சுருக்குவான் என்று நான் சொன்னேன், அது அவளுக்குத் தெரியாது. சாப்பாடு ஆறிப்போனது. பன்னிரண்டு வருடம் யாருடைய பிள்ளைக்கோ காலை வணக்கம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை எங்கேயாவது நன்றாக வளர்ந்திருக்கட்டும்.

மறுநாள் காலை பதினெட்டுப் பேரையும் வரச்சொல்லி உண்மையைச் சொன்னேன். பூசாரி அப்புசாமி அம்மனைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டார். "மூணு இழை இருக்குதானே? மிச்சத்த ஒரு பொம்பள சாமி பேரச் சொல்லித்தானே கட்டுனா? அப்ப அது நம்ம அம்மனே கட்டுனதுதான். அவுக்காம வரச்சொல்லுப்பா" என்றார். கம்பளியை நினைத்து முத்தாயி அக்காவுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். வீரப்பன் மாமா உடனே ஒப்புக்கொண்டார், அவருக்கு மீன்.

எட்டு மணிக்கு ரோஸ்லான் வந்தார். அவர் கேட்கும்முன் நானே சொன்னேன், ஒன்பதாம் தேதி கொடி இறங்கும், பத்தாம் தேதி இடம் உங்களுடையது என்று. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மரத்தை அண்ணாந்து பார்த்தார். அம்மனைத் தூக்கிப்போக ஆட்களும் லாரியும் தருகிறேன் என்றார். லாரி வேண்டாம், தோளில்தான் தூக்குவோம் என்றேன். வழியில் போக்குவரத்தை நிறுத்திக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது இடத்தைப் போய்ப் பார்த்தேன். சின்னதுதான். நீ சொன்னது சரி. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதனால் இரண்டாவது தடவை எழுதமாட்டேன்.

வராதே என்று எழுதினேன். அண்ணன் எழுதும் வார்த்தையா அது? ஒரு மரத்துக்காக உன்னை அந்தக் குளிரில் விட்டுவைக்க நினைத்தேன். அந்த மரத்தில் என் பிள்ளை இல்லவே இல்லை. எனக்கு இருப்பது நீ ஒருவன்தான்.

டிக்கெட்டை மாற்றாதே. எட்டாம் தேதி நானும் நிர்மலாவும் விமான நிலையத்துக்கு வருகிறோம். கையைக் காட்டிக்கொண்டு வெளியே வா.

அண்ணன்
கணேஸ்வரன்